குந்திகினு அளக்க வேண்டிய ஜன்னல்

கண்ணு,

இங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுதிட்டு, மழை பேஞ்சுதா இல்லையா, யாரு வூட்ல கல்யாணம்னு ரெண்டு வரி போட்டுட்டு மடிச்சு ஒட்டறதுதான் என் வழக்கம். நான் போடற இன்லேண்டு லெட்டர்ல பாதி வெள்ளையாத்தான் இருக்கும், உனக்கே தெரியும். இந்தத் தடவை கடைக்குப் போயி முழுத்தாளு வாங்கியாந்து, உங்கம்மா கோயிலுக்குப் போன நேரமாப் பார்த்து குந்தியிருக்கேன். எழுதி எழுதி ரெண்டு தாளக் கசக்கிப் போட்டாச்சு. வயசுன்னு நெனச்சுக்காத. நாப்பது வருஷமா தறியில நாடா தள்ளின கை, இன்னும் தெம்பாத்தான் இருக்கு. எழுத வேண்டிய விஷயம் அப்படி. படிச்சு முடிக்கற வரைக்கும் கிழிச்சுப் போடாத, அது ஒண்ணுதான் கேக்கறேன்.

நீயும் மருமகளும் மெட்ராஸ்ல கப்பல் ஏறறதுக்கு முந்தின நாளு, நம்ம வூட்டுக் கூடத்துல ஒரு பெரிய டிராயிங்க விரிச்சியே, ஞாபகம் இருக்கா? அந்தமான்ல நீ கட்டப்போற குவார்ட்டர்ஸ், மொத்தம் இருபது வூடு. நாலு மூலைக்கும் டம்ளர் வெச்சு அமுக்கினே. நான் குனிஞ்சு பார்த்துட்டு, "ஜன்னல் தரையிலேர்ந்து எவ்ளோ ஒசரம்டா?"ன்னு கேட்டேன். "மூணரை அடி நைனா. எல்லா ஊருக்கும் இதே டிராயிங்தான்"ன்ன. "சுத்தி கடலு, வேர்வை காயாத ஊருன்னியே, காத்துக்கு இன்னா வழி?"ன்னேன். "ஃபேன் மாட்டுவாங்க"ன்ன. "கரண்டே ராத்திரி கொஞ்ச நேரந்தான்னு நீயே சொன்னியேடா"ன்னேன். நீ டிராயிங்க சுருட்டிகினே சொன்ன: "மேல இருக்கறவங்க போட்டுக் குடுத்தது நைனா. நான் சொன்னா எவன் கேக்கப் போறான்? சிரிப்பானுங்க. எனக்கு இன்னா வந்துச்சு?" அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. பையன் தூரமாப் போறான்னு மனசு கஷ்டம்போலன்னு மருமக நெனச்சுது. அது இல்லடா. "எனக்கு இன்னா வந்துச்சு"ங்கற பேச்ச உனக்குக் கத்துக் குடுத்தவன் நான்.

எமர்ஜென்சி முடிஞ்ச அடுத்த வருஷம் நாம பழைய ஓட்டு வூட்ட இடிச்சோம். அந்த வூடு சொர்க்கம்னு சொல்ல வரல. மழை பேஞ்சா குண்டான், சொம்பு எல்லாம் தரையில வெச்சுட்டு நாம மூலையில நிப்போம். ஒரு தடவை ஓட்டுலேர்ந்து தேளு நேரா தறியில கட்டியிருந்த பாவு நூலு மேல விழுந்து, அது எங்க போச்சுன்னு தெரியாம ரெண்டு நாளு தறிக்குழியில காலு வெக்கவே பயம். இடிச்சது தப்பில்ல. இடிச்ச எடத்துல இன்னா கட்டினேன்றதுதான் தப்பு. எதிர் வரிசையில ரெண்டு பேரு தளம் போட்டு மெத்த வூடு கட்டிட்டாங்க. ஜரிகைக்காரரும் பாவு குடுக்க வரவங்களும் அந்த வூட்டு வாசல்லதான் நின்னு பேசறாங்க. எனக்கு வவுறு எரிஞ்சுது. கடன உடன வாங்கியாவது நானும் மெத்த வூடு கட்டணும், ரோட்டு முனையிலேர்ந்து பார்த்தா கம்பி வெச்ச பெரிய ஜன்னலு பச்சை பெயிண்டோட தெரியணும், அவ்ளோதான் என் புத்தி.

நீ அப்ப வேலூர்ல டிப்ளமா கடைசி வருஷம். லீவுல ஒரு காகிதத்துல வூட்டு படம் வரைஞ்சு எடுத்துகினு வந்தே. நானும் ஏகாம்பரம் மேஸ்திரியும் சொந்தக்காரங்க நாலு பேரும் செங்கல் மேல குந்தி வெத்தலை போட்டுகினு இருந்தோம். நீ எவ்ளோ பயபக்தியோட சொன்னே! "நைனா, தறியில குந்தறவங்க தலைக்குக் கீழயே ஜன்னல் ஆரம்பிக்கணும். தரையிலேர்ந்து அரை அடி போதும். எதிர் செவுத்துல தளத்த ஒட்டி மேல ஒரு சந்து வுடணும். சூட்டுக் காத்து மேல ஏறி அந்த வழியா வெளிய போயிடும். அது போகப் போக கீழ இருந்து நல்ல காத்து உள்ள வரும். கரண்டே தேவையில்ல." அப்பால மேற்கால இருக்கற வேப்பமரத்த வெட்டக் கூடாதுன்ன. ஜன்னலுக்கு மேல ரெண்டடி சன்ஷேடு நீட்டணும், தளத்து மேல சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு வெள்ளையடிச்சு வுடணும்னு ஒண்ணொண்ணா வெரல் வெச்சுக் காட்டினே.

நான் இன்னா சொன்னேன்? "மேஸ்திரி, கேட்டியா கதைய! நாய் பூர்ற ஓட்டைய ஜன்னலா வெக்கச் சொல்றாரு நம்ம இன்ஜினியரு!" எல்லாரும் சிரிச்சாங்க. சிரிப்பு வந்ததும் எனக்கு இன்னும் ஜோரு ஏறிடுச்சு. "தறிக்குழியில பொறந்து தறிக்குழியில வளர்ந்தவன்டா நான். காத்து எந்தப் பக்கம் வரும்னு எனக்கே பாடம் எடுக்கறியா? உன்ன படிக்க அனுப்பினது இதுக்குத்தானா?"ன்னு கேட்டுட்டு, உன் கையிலேர்ந்து காகிதத்த இஸ்து, அது மேல வெத்தலைக் காம்பு கிள்ளிப் போட்டு, சுண்ணாம்பு தொட்ட வெரல அதுலயே தொடைச்சேன். ரெண்டு நாளு இருக்கேன்னு வந்தவன் அன்னிக்கு சாயங்காலமே பஸ் ஏறப் போயிட்டே. உங்கம்மாதான் சோத்தக் கட்டி எடுத்துகினு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினா. தறிக்குழியில பொறந்தவன்னு பீத்திகினேனே, ஜன்னல அளக்கறப்ப நான் நின்னுகினு இருந்தேன்டா. மேஸ்திரி டேப்பு புடிக்க, நான் எழுந்து நின்னு என் நெஞ்சுல கை வெச்சு "இந்த ஒசரம் வை"ன்னேன். குழியில காலத் தொங்கப் போட்டு குந்தினா தலையே மூணடிக்குள்ளதான்னு பரம்பரையா தறி போடறவன் எனக்கு அப்ப தோணவே இல்ல. நின்னு பார்க்கறவன் மெச்சணும்னு கட்டினேன், குந்தி வேலை செய்யறவள மறந்தேன்.

கிரகப்பிரவேசத்துக்கு ஊரே வந்துச்சு. அடுத்த சித்திரையில தெரிஞ்சுபோச்சு வூட்டு லட்சணம். மரத்த வெட்டினதால மத்தியானத்துக்கு மேல மேற்கு செவுரு கை வெக்க முடியாம கொதிக்கும். தளம் பகலெல்லாம் வெயிலக் குடிச்சுட்டு விடிய விடிய நம்ம மேல கக்கும். பத்தடி ஒசரத்துல ஃபேன் மாட்டினேன், அது மேல இருக்கற அனல எடுத்து கீழ தள்ளுச்சு. தறி நேரத்துல அதக்கூட போட முடியாது, காத்துல பட்டு இழை காஞ்சு பட்பட்னு அறுந்துபோகும். இழை அறுந்தா உங்கம்மா முடி போட்டுகினே குந்தியிருப்பா, முந்தானை நனைஞ்சு முதுகோட ஒட்டிகினு இருக்கும். "இன்னா புழுக்கம்"னு ஒரே ஒரு நாளு சொன்னா. "அவ்ளோ பேஜாரா இருந்தா உங்கண்ணன் வூட்டுக்கு போளூருக்குப் போ, அங்க கூரை வூடுதானே, ஜில்லுனு இருக்கும்"னு கத்தினேன். அதுக்கப்புறம் அவ அந்தப் பேச்ச எடுக்கல.

இப்ப எழுதப்போறத யார்கிட்டயும் சொன்னதில்ல. மத்தியானம் சாப்பிட்டதும் "சொசைட்டியில வேலை இருக்கு"ன்னு சட்டையப் போட்டுகினு கெளம்புவேன் இல்ல? அங்க ஒரு வேலையும் இல்லடா. நெசவாளர் சொசைட்டி அப்ப பழைய ஓட்டுக் கட்டடத்துல இருந்துச்சு, ஒசரமான கூரை, ரெண்டு பக்கமும் வராண்டா. பின்பக்க வராண்டாவுல துண்ட விரிச்சுப் படுத்துத் தூங்கிட்டு, வெயில் தாழ்ந்ததும் வருவேன். போறவன் வரவன்கிட்டயெல்லாம் "என் வூடு ஜில்லுனு இருக்கும்பா"ன்னு சொல்லிகினே அங்க தூங்கினேன். நான் தூங்கின நேரமெல்லாம் அவ அந்த அடுப்புல குந்தி நெய்ஞ்சா.

உன் காகிதத்த நான் குப்பையிலதான் போட்டேன். அவ எடுத்து வெச்சிருந்திருக்கா. அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனா நீ அதுல தறியில குந்தியிருக்கற ஒரு பொம்பளைய கொண்டை வெச்சு வரைஞ்சிருந்தே, அவ மூஞ்சிக்கு நேரா காத்து வர்ற மாதிரி கோடு போட்டிருந்தே. அதப் பார்த்துப் பார்த்து, தறிக்கு நேரா தெருப்பக்க செவுத்துல, அவ குந்தற ஒசரத்துக்கு, ரெண்டு செங்கல்ல பேத்து எடுத்துட்டா. ஒரு கடப்பாரை முனையும் அம்மிக் குழவியும் வெச்சுகினு, நான் வராண்டாவுல குறட்டை வுட்ட மத்தியானங்கள்ல, கொஞ்சம் கொஞ்சமா. வெளிப்பக்கம் ஒரு கோணிய நனைச்சுத் தொங்கவுட்டா. நான் அத ஓட்டைய மறைக்கற பழைய கோணின்னுதான் நெனச்சேன். உள்ள வர்ற காத்து ஈரத்துல பூந்து வந்து அவ மூஞ்சில பட்டுச்சுன்னு இப்பதான் புரியுது. மூணு வருஷம் அந்த ரெண்டு செங்கல் ஓட்டையாலதான் உங்கம்மா கத்திரி வெயிலத் தாண்டினா.

உனக்குப் பொண்ணு பேசி, சம்பந்தி வூட்டுக்காரங்க களம்பூர்லேர்ந்து நம்ம வூட்டப் பார்க்க வரேன்னாங்க. கத்திரி ஆரம்பிக்கற நேரம். தெருவுல நின்னு வூட்டப் பார்த்தேன். பச்சை ஜன்னலுக்குக் கீழ ஒரு பொந்து, அதுல அழுக்குக் கோணி. மானம் போச்சுன்னு ஏகாம்பரம் மேஸ்திரிய ஜல்தியா கூட்டியாந்து பொந்த அடைச்சு, சிமெண்டு பூசி, பெயிண்டும் அடிச்சேன். உங்கம்மா "அவங்க வந்துட்டுப் போனதும் தொறந்துக்கலாமா?"ன்னு கேட்டா. "பிச்சைக்காரன் வூடு மாதிரி இருக்கணுமா உனக்கு?"ன்னேன். அவங்க வந்தாங்க, பஜ்ஜி சாப்பிட்டாங்க, வூடு லட்சணமா இருக்குன்னாங்க. நாலாம் நாளு, நான் வராண்டாவுல படுத்திருக்கறப்ப எதிர்வூட்டுப் பையன் ஓடியாந்தான். "அண்ணே, அண்ணி தறியிலயே சாஞ்சுட்டாங்க, ஜல்தி வாங்க!" போயி பார்த்தா மூஞ்சி துணி மேல கவுந்திருந்துச்சு. ஒடம்பு நெருப்பா கொதிச்சுது, வேர்வை மட்டும் ஒரு பொட்டு இல்ல. நெழல்ல படுக்க வைன்னு யாரோ கத்தினாங்க. வாசல்ல நெழலு ஏது? வேப்பமரத்து அடிக்கட்டைதான் இருந்துச்சு. பக்கத்து ஓட்டு வூட்டுக்குத்தான் தூக்கிகினு போனோம்.

வேலூர் ஆஸ்பத்திரியில டாக்டர் என்ன தனியாக் கூப்பிட்டு, "வெயில் உள்ள எறங்கிடுச்சு. இன்னும் அரை மணி போயிருந்தா நீங்க இங்க கொண்டு வந்திருக்க வேண்டியதே இல்ல. அப்படி எந்த எடத்துல வேலை செஞ்சாங்க?"ன்னு கேட்டாரு. மூணு நாளு அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியல. நீ அப்ப வேலை பார்த்த சேலத்துலேர்ந்து ஓடியாந்து, "இன்னா ஆச்சு நைனா?"ன்னு கேட்டே. அந்த எடத்துல ஒரு மனுஷன் உண்மைய சொல்லியிருப்பான். நான், "கிருத்திகை விரதம்டா. பச்சைத் தண்ணிகூட குடிக்காம நெய்ஞ்சுகினு இருந்தா, மயங்கிட்டா"ன்னேன்.

பொய். கிருத்திகை முடிஞ்சு ஒரு வாரத்துக்கு மேல ஆயிருந்துச்சு. அன்னிக்குக் காலையில அவ கேழ்வரகு கூழு ரெண்டு சொம்பு குடிச்சா. முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சேன், நீயும் நம்பிட்டே.

அவளுக்கு நெனவு வந்ததும் நீ அவள எப்படித் திட்டினே! "முருகன் வந்து உன்னப் பட்டினி கெடன்னு கேட்டானா? புத்தி இருக்கா உனக்கு?"ன்னு அழுதுகினே திட்டிட்டு, அவ கைய எடுத்து உன் தலை மேல வெச்சு, இனிமே ஜென்மத்துக்கும் விரதம் இருக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுன்ன. அவ என்னப் பார்த்தா. நான் ஆஸ்பத்திரி ஃபேனப் பார்த்துகினு நின்னேன். அப்பால மெதுவா, "சரிடா, சத்தியம்"னா. உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். கல்யாணமாகி ஏழு வருஷம் கொழந்தை இல்லாம, உன்ன வேண்டிகினு ஆரம்பிச்ச விரதம் அது. நீ பொறந்ததுக்கு அப்பாலயும் உன் ஆயுசுக்குன்னு ஒரு கிருத்திகை வுட்டதில்ல. அத நீயே நிறுத்த வெச்சே. நிறுத்த வெச்சது நீ இல்ல, நான்.

அன்னிலேர்ந்து ஒவ்வொரு கிருத்திகைக்கும் அவ தட்டுல சோறு போட்டுகினு குந்துவா. சாப்பிடலன்னா உன் தலை மேல பண்ண சத்தியம் உன்ன ஏதாவது பண்ணிடுமோன்னு பயம். சாப்பிட்டா முருகனுக்குப் பயம். ஒவ்வொரு வாயும் முழுங்கறத நான் எதிர்ல குந்தி பார்த்திருக்கேன். இத்தனை வருஷம் பார்த்துட்டு கம்முனு இருந்தவன் நான். நீ கப்பல் ஏறின அடுத்த வாரந்தான் கேட்டேன், "ஏன்டி, அவன்கிட்ட உண்மைய நீ ஏன் சொல்லல?" அவ அரிசி பொறுக்கிகினே சொன்னா: "சொன்னா அவன் உங்க மூஞ்சில முழிப்பானா? வூட்ட கட்டினது நீங்க. அத இடிக்கறது நானா இருக்கணுமா?" அவ்ளோதான் சொன்னா. நான் கொல்லைப்பக்கம் போயி அழுதேன்டா. வெக்கம் கெட்டு எழுதறேன், கொழந்தை மாதிரி அழுதேன்.

மறுநாளே ஏகாம்பரம் மேஸ்திரியத் தேடிப் போனேன். வயசாயிடுச்சு, இருந்தாலும் வந்தாரு. உங்கம்மா பொட்டிக்குள்ளேர்ந்து உன் காகிதத்த எடுத்துக் குடுத்தா, என் சுண்ணாம்புக் கறையோட. அதப் பார்த்துட்டு மேஸ்திரி, "அன்னிக்கு நானும்தானே சிரிச்சேன்"னாரு. தறியில அவள குந்த வெச்சு, நான் பக்கத்துல தரையில குந்தி, அவ தோளுக்கு நேரா அளந்து, செவுத்த ஒடைச்சோம். மேலயும் சந்து எடுத்தோம். தளத்துக்கு வெள்ளையடிச்சாச்சு. மரத்துக்கு இன்னா பண்றது? ஒரு கன்னு வெச்சிருக்கேன், அது நெழலு குடுக்கறப்ப நான் இருக்க மாட்டேன். கண்ணு கெட்ட பின்ன சூரிய நமஸ்காரம்னு நீ சொல்லலாம், சரிதான். ஆனா நேத்து மத்தியானம் நான் தறிக்குழியில குந்திப் பார்த்தேன். ஜில்லுனெல்லாம் இல்ல, பொய் சொல்ல மாட்டேன். காத்து வருது. மூச்சு வுட முடியுது.

அதனாலதான் சொல்றேன், அந்த குவார்ட்டர்ஸ அப்படியே கட்டாத. நம்ம ஊரு வெயிலு காஞ்ச வெயிலு, உன் ஊரு ஈர வெயிலு, நம்ம வூட்டுக் கணக்கு அங்க அப்படியே ஒத்து வருமான்னு எனக்குத் தெரியாது. நீ படிச்சவன், அங்க இருக்கறவங்கள கேளு. மத்தியானத்துல அந்த ஊரு பொம்பளைங்க எங்க குந்தறாங்க, கொழந்தைய எங்க படுக்க வெக்கறாங்க, கடல் காத்து எந்தப் பக்கம் பூந்து எந்தப் பக்கம் போகுதுன்னு அவங்க வூட்டுத் தரையில குந்தி பாரு. அப்பால டேப்ப எடு. மேலதிகாரிகிட்ட சொல்லு. சிரிப்பாங்கதான். நானே சிரிச்சவன், எனக்குத் தெரியாதா? சிரிச்சவன் எவனும் அந்த வூட்ல மத்தியானம் இருக்க மாட்டான்டா, வராண்டா தேடிப் போயிடுவான். இருக்கப்போறது வேற ஒருத்தி. அவளுக்காக ரெண்டாந்தடவை சொல்லு, மூணாந்தடவை சொல்லு. அன்னிக்கு உன் வாய அடைச்சவன் நான், அந்தப் பாவம் அந்த இருபது வூட்டு மேலயும் விழ வேணாம்.

என்ன மன்னிச்சுடுன்னு எழுத வந்தேன், எழுதக் கை வரல. அது உன் இஷ்டம். இந்த லெட்டர் கெடைச்சதும் எனக்கு பதில் போடாத. உங்கம்மாவுக்குப் போடு. அடுத்த கிருத்திகைக்கு இன்னும் இருபத்திரண்டு நாளு இருக்கு, கப்பல்ல வர்ற தபாலு, தள்ளிப் போடாத. 'உன் சத்தியத்த திருப்பிக் குடுத்துட்டேன்மா, உன் இஷ்டப்படி விரதம் இரு'ன்னு ஒரு வரி எழுது. அதுக்கு மேல, என்னப் பத்தி உன் மனசுல இன்னா வருதோ அத்தனையும் எழுது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படிச்சுக் காட்டணும். அந்தப் புது ஜன்னலுக்குப் பக்கத்துல அவள குந்த வெச்சு, ஒரு எழுத்தும் முழுங்காம, சத்தமாப் படிச்சுக் காட்டறேன்.

உன் நைனா